கேம் போட்டா 15 நிமிஷத்துல 100 டிகிரி, அப்புறம் ஆஃப்

கொழிஞ்சாம்பாறைல இருந்து எழுதறேன். 2015ல அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப்: இன்டெல் ஐ5 4460, ஜிடிஎக்ஸ் 960 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம், பிராசஸரோட வந்த அதே பழைய கூலர். மூணு வாரமா ஜிடிஏ 5 போட்டா 15 நிமிஷத்துல சிபியு (அதான் பிராசஸர்) 100 டிகிரியத் தொடுது. 3.2 கிகாஹெர்ட்ஸ்ல ஓடறது 0.8க்கு விழுந்து படம் திக்கித் திக்கி நகரும். அப்புறம் பட்டுனு ஆஃப். கிராபிக்ஸ் கார்டு 68லயே நிக்குது, அது மேல சந்தேகம் இல்ல.

வெயில்னு சொல்லிராதீங்க. போன வருஷம் இதே வெயில்ல, இதே ரூம்ல 75 தாண்டல.

தூசி ஊதியாச்சு. சைடு மூடியக் கழட்டி டேபிள் ஃபேன் வெச்சுப் பார்த்தேன், 4 டிகிரிதான் குறைஞ்சுது. பயாஸ் செட்டிங்ல டர்போவ (பிராசஸர் தானா வேகத்தக் கூட்டிக்கறது) நிறுத்தினா ஆஃப் ஆக அரை மணி நேரம் ஆகுது, அவ்ளோதான். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல தடவற தெர்மல் பேஸ்ட் ரெண்டு தடவ மாத்திட்டேன். ரெண்டாவது தடவ கூலரத் தூக்கினப்பதான் கவனிச்சேன்: பேஸ்ட் ஒரு பக்கம் நல்லா நசுங்கியிருக்கு, மறுபக்கம் வெச்சது வெச்ச மாதிரி. கூலர மதர்போர்டுல பிடிச்சு வெக்கற நாலு பிளாஸ்டிக் பின்ல மூணு அமுத்தினா 'டிக்'னு உக்காருது. நாலாவது உக்காரவே மாட்டேங்குது, நுனி வெள்ளையா வெளுத்துப் போயிருக்கு. இன்னும் அமுத்தினா போர்டு பப்படம் மாதிரி வளையுது, பயத்துல விட்டுட்டேன்.

கடைல கேட்டா "சிஸ்டத்தயே மாத்திருங்க"ங்கறாங்க. அதுக்குக் காசு இருந்தா இங்க ஏன் வரேன்?

பிராசஸர் உக்கார்ற இந்த 1150 சாக்கெட்டுக்கு அந்தப் பின் மட்டும் தனியா வாங்கிப் போட்டா நிக்குமா, இல்ல போர்டுக்குப் பின்னால பிளேட் குடுத்து ஸ்க்ரூவுல முடுக்கற கூலரேதான் வாங்கணுமா?