உதவி: அப்பாவின் கேசட்டில் நாதஸ்வரம் வேகமாக ஓடுகிறது, அவசரம்

சிப்புட்மகள்:
வணக்கம். அப்பா பதிந்து வைத்த நாதஸ்வரக் கேசட் ஒன்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். வேகமாகப் போகிறது, சுருதியும் தூக்கலாக இருக்கிறது. கேசட் டெக்கின் பெல்ட்டை மாற்றினால் சரியாகிவிடுமா? சனிக்கிழமை அப்பாவுக்கு முதல் திதி, அன்று வீட்டில் இதைப் போட வேண்டும். இங்கே மலேசியாவில், ஈப்போவில் ஒரு கடையில் கேட்டதற்கு, இந்தக் காலத்தில் கேசட்டா, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கிள்ளான்தவில்:
அக்கா, எல்லாக் கேசட்டும் அப்படி ஓடுகிறதா, இது ஒன்று மட்டுமா? யார் வாசித்தது? கடையில் வாங்கிய கேசட்டா, வீட்டில் பதிந்ததா?

நாடாக்காவலன்:
மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். கேசட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பாருங்கள். சுற்றின் மேல் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அலமாரியில் இருக்கும் கேசட்டில் பாதி இப்படித்தான் ஆகிறது. அதோடு ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். என் மாமாவின் கேசட்டுகளில் பதினெட்டு இப்படித்தான் போயின.

சிப்புட்மகள்:
பூஞ்சை இல்லை, பார்த்துவிட்டேன். நாடா பளபளவென்று இருக்கிறது. 90 நிமிஷக் கேசட். மற்ற கேசட்டுகள் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன. இது மட்டும் சுருதி மூன்றரைக் கட்டை, நாலு கட்டை (ஆர்மோனியக் கட்டைக் கணக்கு) மாதிரி கேட்கிறது.

குடந்தைக்காற்று:
நாலு கட்டை என்றால் கோளாறே இல்லை, அம்மா. அது திமிரி நாயனம். இப்போது கோயிலில் நாம் கேட்பதெல்லாம் பாரி நாயனம், நீளம் அதிகம், இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் நிற்கும். திமிரி குட்டையானது, நாலு, நாலரையில் பேசும். உங்கள் காது பாரிக்குப் பழகியதால் வேகமாகத் தோன்றுகிறது. திமிரிப் பதிவு கிடைப்பதே அரிது. தயவுசெய்து அதன் சுருதியில் கை வைக்காதீர்கள்.

பழையஇசைத்தட்டு:
இந்தக் குழுவில் இதை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. முதலாவது, மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. ஆர்மோனியத்தில் மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. இரண்டாவது, பெல்ட் தளர்ந்தால் பாட்டு மெதுவாகும் அல்லது ஆடும், வேகமாகாது. மூன்றாவது, மற்ற கேசட்டுகள் சரியாக ஓடினால் டெக்கைக் குறை சொல்ல முடியாது. கோளாறு பதிந்தபோதே நடந்திருக்கிறது. எதில் பதிந்தார், எங்கே பதிந்தார் என்று சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி?

கிள்ளான்தவில்:
ஐயா, அவர் அப்பா திதிக்காகக் கேட்கிறார். கொஞ்சம் தன்மையாகச் சொல்லலாமே.

சிப்புட்மகள்:
மன்னிக்கவும், இது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா அங்கே பால் வெட்டினார். கேசட் உறையில் நீலப் பேனாவில் "பங்குனி உத்திரம் 1984, மேளம்" என்று அப்பா கையெழுத்து இருக்கிறது. சாமி புறப்பாட்டின்போது தோளில் கேசட் ரேடியோவைத் தொங்கவிட்டுக்கொண்டு கூடவே நடந்து பதிந்தாராம். தைப்பிங்கிலிருந்து வந்த மேளம் என்று அம்மா சொல்கிறார். தொடக்கத்தில் அப்பா தேதி சொல்கிறார், அது அப்பா குரல்தான். ஆனால் ஏ பக்கத்தின் கடைசியில் "தீவாரதனை ஆகப்போகுது, நிறுத்துறேன்" என்று சொல்லும்போது சின்னப் பையன் குரல். அந்த இடத்தைக் கேட்டுவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

கிள்ளான்தவில்:
அக்கா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சே வேண்டாம்! தொடக்கத்தில் குரல் சரி, போகப் போக ஏறுகிறது. தோளில் மாட்டிய ரேடியோ என்றால் பேட்டரியில் ஓடியிருக்கும். பெரிய பேட்டரி ஆறு போடுவோமே, அந்த வகைதானே? பேட்டரி இறங்க இறங்க மோட்டார் தளர்ந்து நாடா மெதுவாக நகர்ந்திருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் வேகமாகத்தானே கேட்கும்? எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை) வீடுகளுக்கு ஜெனரேட்டர் கரண்ட் சாயங்காலம் சில மணி நேரம்தான். திருவிழாவுக்கு முதல் நாள் கடையில் பேட்டரி வாங்கக் கூட்டம் நிற்கும். வாங்க முடியாதவர்கள் பழையதை வெயிலில் காயவைத்துப் போடுவார்கள்.

குடந்தைக்காற்று:
குரலை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. புறப்பாட்டுக்குத் திமிரிதான் பொருத்தம். மைக் இல்லாத காலத்தில் நாலு தெரு தள்ளிக் கேட்டது அதன் நாதம்தான். நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பாரியைச் செய்து கொடுத்தார், அதன் பிறகு எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். திமிரியின் அந்த வெட்டு, அந்தக் கூர்மை, இப்போது எங்கே கேட்க முடிகிறது?

தவிலடிப்பவள்:
பாரி வந்ததால்தானே தோடி ராகத்தை அவ்வளவு நிதானமாக, அவ்வளவு கனமாக வாசிக்க முடிந்தது? நான் இந்த வாரம் முழுக்க காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கீழ் ஸ்தாயியில் அவர் ஒரு ஸ்வரத்தில் நிற்கும் இடத்தில் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். திமிரியில் அந்த ஆழம் வராது.

குடந்தைக்காற்று:
ஆழம் வாசிப்பவர் மூச்சில் இருக்கிறது. குழலின் நீளத்தில் இல்லை.

தவிலடிப்பவள்:
மூச்சு மட்டும் போதுமென்றால் ராஜரத்தினம் பிள்ளை எதற்காகப் புதுக் குழல் கேட்டார்? வாசிக்கிறவருக்குத் தேவை தெரிந்துதான் கேட்டார். திமிரியைக் குறைத்துச் சொல்லவில்லை, பாரியை இழப்பு என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

நாடாக்காவலன்:
நிமிஷத்துக்கு 78 சுழற்சி என்ற பழைய இசைத்தட்டுகளிலும் இதே தொல்லை. எல்லாத் தட்டும் சரியாக 78-இல் பதிந்தவை அல்ல. எல்லாவற்றையும் 78-இலேயே ஓட்டிக் கணினிக்கு மாற்றிவிடுகிறார்கள், வித்வான் எந்தக் கட்டையில் வாசித்தார் என்று அப்புறம் நாம் சண்டை போடுகிறோம்.

பழையஇசைத்தட்டு:
திமிரியா பாரியா என்பதை இங்கே பேசித் தீர்க்க வேண்டாம், அளந்து பார்க்கலாம். நாயனத்துக்குப் பின்னால் ஒரே ஸ்வரத்தில் நிற்கும் ஒத்து அல்லது சுருதிப் பெட்டி கேட்கும். போனில் சுருதி காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, அந்த ஒத்தைத் தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் குடந்தைக்காற்று சொல்வது சரி. ஏறிக்கொண்டே போனால் பேட்டரிதான். ஒத்து நடுவில் தானாக ஏறாது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கரண்டில் பதிந்த கேசட்டின் அடியில் பெரும்பாலும் ஒரு முணுமுணுப்பு இருக்கும், நாடா 12 சதவீதம் வேகமாக ஓடினால் அது 56-இல் தெரியும். சரியாக 50-இல் நிற்பது உங்கள் டெக்கின் சொந்த முணுமுணுப்பு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வேறு எதுவும் இல்லாவிட்டால் பேட்டரிப் பதிவு என்ற ஊகம் வலுக்கும்.

கிள்ளான்தவில்:
ஐயா சொன்னபடி அளந்த பிறகு ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் ஏ பக்கத்தை ஐந்தைந்து நிமிஷத் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, வேகம், சுருதி இரண்டையும் சேர்த்து மாற்றும் வசதியில் குறையுங்கள். ஆர்மோனியத்தில் ஒரு படி (கறுப்போ வெள்ளையோ, அடுத்த கட்டை) ஏறியிருந்தால் 5.6 சதவீதம், இரண்டு படி என்றால் 10.9 சதவீதம். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள், தவில் நடை பழைய வேகத்திலேயே ஓடும். சறுக்கலாகக் குறைக்கும் வசதி ஒன்றும் உண்டு, ஆனால் சீவாளியின் (நாயனத்தில் ஊதும் நாக்கு) அந்தக் கரகரப்பு அதில் மங்கிவிடுகிறது. மூல கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

மல்லாரிப்பிரியை:
அக்கா, புறப்பாடு என்றால் முதலில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி வாசிப்பு இருக்கும். அந்த இடத்தைக் கொஞ்சம் பதிவேற்ற முடியுமா? அந்தத் தோட்டத்தில்தான் என் பாட்டியும் இருந்தார் என்று நினைக்கிறேன்.

நாடாக்காவலன்:
இரண்டு நாள் ஆகிவிட்டது. அக்கா, என்ன ஆயிற்று?

குடந்தைக்காற்று:
அளந்தாரா என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

சிப்புட்மகள்:
அளந்தேன். ஒத்து தொடக்கத்தில் இரண்டரை, நடுவில் மூன்று, கடைசியில் நாலு கட்டை. முணுமுணுப்பு எதுவும் இல்லை. ஒன்பது துண்டாக வெட்டிச் சரி செய்தேன், ராத்திரி இரண்டு மணி ஆகிவிட்டது. கடைசித் துண்டில் அப்பா குரல் அப்பா குரலாகவே வந்துவிட்டது. நடுவில் இருமுகிறார், அது முன்னால் எனக்குக் கேட்கவே இல்லை. அம்மா அந்த இடத்தை மட்டும் நான்கு முறை போடச் சொன்னார். எல்லாருக்கும் நன்றி. நாளைக்குச் சமையல் வேலை நிறைய இருக்கிறது, வருகிறேன்.

குடந்தைக்காற்று:
இரண்டரை என்றால் பாரிதான். நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மல்லாரிப்பிரியை:
பி பக்கத்தில் என்ன இருக்கிறது, அக்கா? அதையும் மாற்றுவீர்களா?

பழையஇசைத்தட்டு:
மாற்றினால் ஏ பக்கத்தின் அளவுகளை அதற்கு அப்படியே போட வேண்டாம். தீபாராதனை முடிந்த பிறகு உங்கள் அப்பா பேட்டரியை மாற்றிவிட்டுப் பதிந்திருக்கலாம். பி பக்கத்து ஒத்தைத் தனியாக அளந்துகொள்ளுங்கள்.