கூரைச் சூரிய மின்சாரம்: எங்கள் தக்கலை வீட்டு அனுபவம்

2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒப்புதல் அளித்த கூரைச் சூரிய மின் திட்டத்தின் கீழ், எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைத்தோம். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய் என மானியம் 78,000 ரூபாயோடு நின்றுவிடும். பணி முடிந்து, மின்வாரியத்திடம் வாங்கும் மின்சாரத்தையும் அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்திய பிறகே அது வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால், முழுத் தொகைக்கும் முன்கூட்டியே வழி செய்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தைவிட அதற்கு முந்தைய வேலைதான் எங்களை அலைக்கழித்தது. மின் இணைப்பு காலஞ்சென்ற மாமனாரின் பெயரிலேயே இருந்ததால், வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வளைகுடாவில் இருக்கும் மைத்துனரின் சம்மதக் கடிதத்தையும் வரவழைத்துப் பெயர் மாற்றிய பின்னரே விண்ணப்பிக்க முடிந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய வீடுகள் பலவற்றின் நிலையும் இதுவே. சோலார் எண்ணம் இருப்பவர்கள் இதை முதலில் முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தென்னை. இடம் பார்க்க வந்தவர் காலை பதினொரு மணிக்கு வந்து, மாடி முழுக்க வெயில் என்று குறித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கு வீட்டுத் தென்னையின் நிழல் எதுவரை வருகிறது என்பதை நாங்கள் ஏற்கெனவே சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தோம். தகடுகளை வரிசையாக இணைக்கும்போது ஒன்றின் மேல் விழும் நிழல் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியையும் குறைக்கக்கூடும் என்பதால், கோட்டைக் காட்டிய பிறகு வரைபடத்தையே மாற்றினார். ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால் தை மாத நிழலை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் கூடாது.

ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு அலகு என்று சொல்லி அதை 365 ஆல் பெருக்கிக் காட்டுவார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் அந்தப் பெருக்கலை நம்பிவிட முடியாது. ஆடிச் சாரலில் எங்கள் உற்பத்தி சரிகிறது. அதே ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் ஓயாமல் சுழல்கின்றன என்பது வேறு கதை.

மின்தடையின்போது சோலார் இருப்பதால் விளக்கு எரியும் என்று பலரும் எண்ணுகிறார்கள். மின்கலம் இல்லாத, மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, கம்பியில் பழுது பார்க்கும் ஊழியரின் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் மின்கம்பங்களைச் சாய்த்ததுபோல் மீண்டும் நேர்ந்தால், நல்ல வெயிலிலும் இது பயன்படாது. மின்கலத்துக்கு இத்திட்டத்தில் தனி மானியமும் கிடையாது.

இரண்டு மாதத்துக்கு 500 அலகைத் தாண்டி, மேல் அடுக்குக் கட்டணம் செலுத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு இது நிச்சயம் லாபமே. ஆனால் ஓட்டு வீட்டில் தனியாக வசிக்கும் பெரியம்மா தானும் போடலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்றேன். மாநில அரசு தரும் 100 இலவச அலகுக்குள்ளேயே அவர்களின் மின்விசிறியும் மிக்சியும் அடங்கிவிடுகின்றன.