ஹோல்டரில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: பயப்பட வேண்டுமா?

கேள்வி:
வயது 41, ஆண். பரம்பரை இதயத்தசைத் தடிப்பு, நடுச்சுவர் 19 மி.மீ. அப்பாவுக்கும் இதே நோய்தான், எழுபதைத் தாண்டி நடமாடுகிறார். போன மாதம் 48 மணி நேர ஹோல்டரில் (உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஈசிஜி கருவி) ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதய மேலறையின் ஒழுங்கற்ற துடிப்பு, ஐந்து மணி நேரம் ஓடியிருக்கிறது. நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்! ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்துவிட்டார்கள். பிரஷர், சுகர் எதுவும் இல்லை. பக்கவாத அபாயக் கணக்கில் போட்டால் பூஜ்யம். பிறகு எதற்கு மாத்திரை? இது திடீர் மரணத்துக்கு முன்னறிவிப்பா? உண்மையில் இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

பதில் 1:
அதற்கே முதலில் வருகிறேன். உங்களுக்கு வந்தது மேலறைச் சமாச்சாரம். திடீர் மரணம் பெரும்பாலும் கீழறையில் கிளம்பும் வேகத்துடிப்பால் வருவது. அதற்குப் பார்ப்பவை வேறு: காரணம் தெரியாத மயக்கம், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம், 30 மி.மீ. தொடும் சுவர், எம்ஆர்ஐயில் இதயத்தசைத் தழும்பு, ஹோல்டரில் கீழறை வேகத்துடிப்பு. இவற்றை டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

எனக்கு மயக்கமும் தழும்பும் இருந்ததால் ஐசிடி (ஆபத்தான துடிப்பைக் கண்டால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்தார்கள். ஒன்பது வருடத்தில் இரண்டு ஷாக். முதலாவது உயிரைக் காத்தது. இரண்டாவது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வேகமாக ஓடியதைக் கருவி தப்பாகப் புரிந்துகொண்டு கொடுத்தது. படிக்கட்டில் நின்றிருந்தேன், யாரோ முதுகில் பலகையால் அறைந்ததாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

மாத்திரை விஷயம்: அந்தக் கணக்கு நம் நோய்க்காகப் போட்டதல்ல. தடித்து விறைத்த இதயத்தில் மேலறை விரிந்து ரத்தம் தேங்கும், ரத்தக்கட்டி உருவாகும்; அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் பூஜ்யம் வந்தாலும் மாத்திரை உண்டு.

பதில் 2:
என் தம்பி மாத்திரையை நிறுத்திவிட்டான், "படபடப்பே இல்லையே" என்று. பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்ப நாலு மாதம் ஆனது. வேறென்ன சொல்ல.

கேட்டவர்:
சரி, மாத்திரையை விடமாட்டேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது. 50% வாய்ப்பு என்று தெரியும். அடுத்த வாரம் எக்கோ (இதய ஸ்கேன்). என்ன சொல்லி அழைத்துப்போவது?

பதில் 1:
நாங்கள் என் மகனிடம் உள்ளதையே சொன்னோம். ஜெல் சில்லென்று இருந்தது, அது மட்டும்தான் அவனுக்கு நினைவிருக்கிறது. அப்புறம், இப்போது சுவர் சரியாக இருந்தாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். வளரும் வயதில் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.