ரஸ்ட் பாடத்துக்குச் சொல் வேண்டும்: ஓனர்ஷிப், பாரோ, மூவ், ஸ்லைஸ்

அன்புள்ள குழுவினருக்கு,

பாலிடெக்னிக் மாணவர்களுக்காக ரஸ்ட் நிரல்மொழிப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நான்கு சொற்களில் வேலை நிற்கிறது.

விஷயம் இதுதான். ரஸ்டில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஓனர், அதாவது அதை வைத்திருக்கும் ஒரே மாறி (மதிப்புக்கு நிரலில் வைக்கும் பெயர்). ஓனரின் எல்லை முடிந்ததும் நினைவகம் தானே விடுவிக்கப்படும். ஒரு சரத்தை (ஸ்ட்ரிங், எழுத்துகளின் வரிசை) 'அ' என்ற மாறியில் வைத்து, அதை 'ஆ' என்ற மாறிக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் 'அ'வைத் தொட முடியாது. நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) 382ஆம் பிழை என்று சொல்லி நிறுத்திவிடும். இப்படி ஓனர் மாறுவதுதான் மூவ். ஓனரை மாற்றாமல் மதிப்பைக் கொஞ்ச நேரம் பயன்படுத்தக் கொடுப்பது பாரோ. சரத்தின் ஒரு பகுதியை மட்டும் சுட்டுவது ஸ்லைஸ். என் வரைவில் ஓனர்ஷிப்புக்கு உரிமை, பாரோவுக்குக் கடன், மூவுக்கு நகர்த்தல், ஸ்லைஸுக்குத் துண்டு என்று போட்டிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

---

தம்பி, உரிமை வேண்டாம். காப்புரிமை, உரிமம் என்று மென்பொருள் உலகில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. கிழமை என்று வையுங்கள். ஆறாம் வேற்றுமையின் பொருளே அதுதானே. அதிலும் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று நம் இலக்கணம் பிரித்தே வைத்திருக்கிறது. சாத்தனது கை என்றால் சாத்தனிடமிருந்து கை பிரியாது. முருகனது வேல் என்றால் வேல் பிரியும். மாறி விட்டு மாறி போகக்கூடிய ரஸ்ட் மதிப்பு பிறிதின்கிழமை. இவ்வளவு நுணுக்கம் கையில் இருக்கும்போது ஏன் பொதுச்சொல்லைத் தேட வேண்டும்?

பாரோவுக்குக் குறியெதிர்ப்பை, அதாவது அளவு குறித்து வாங்கி அதே அளவு திருப்பித் தருவது. குறள் 221இல் வள்ளுவர் ஆண்டது. புறநானூறு 163இல் பெருஞ்சித்திரனார் தாம் கொண்டுவந்த பரிசிலை எல்லாருக்கும் கொடு என்று மனைவியிடம் சொல்லும்போது, குறியெதிர்ப்பை தந்து உதவியவர்களையும் மறக்காமல் சேர்க்கிறார். அந்தப் பாட்டுக்காகவாவது இந்தச் சொல் பிழைக்க வேண்டும்.

---

ஐயா, பாட்டு எனக்கும் பிடித்தது. ஆனால் வகுப்பில் நிற்பவள் நான். கிழமை என்றால் என் மாணவர்களுக்கு வாரநாள், ஓனரைக் கிழவர் என்றால் தாத்தா. பொருளை விளக்கிவிட்டுத்தான் பாடத்தையே தொடங்க வேண்டியிருக்கும். உடைமை போதும். அன்புடைமை, அறிவுடைமை என்று திருக்குறளில் படித்த பிள்ளைகள் அவர்கள். பேருந்து நிலையத்தில் உடைமை என்பது பெட்டி படுக்கையைக் குறிப்பதும் தடையில்லை, வைத்திருப்பது என்ற கருத்து கெடவில்லை.

குறியெதிர்ப்பையில் எனக்குப் பொருளிலேயே மறுப்பு உண்டு. ஒரு படி அரிசி வாங்கிச் சமைத்துவிட்டு, பிறகு வேறொரு படி அரிசியைத் திருப்பித் தருவதுதான் அது. கடனும் அப்படியே, வாங்கிய அதே ரூபாய் நோட்டை யாரும் திருப்பித் தருவதில்லை. ரஸ்டில் போன பொருளேதான் உடையவரிடம் இருக்க வேண்டும், மாற்றுப் பொருளுக்கு அங்கே இடமில்லை. அதற்கு நம் வாயில் இருக்கும் சொல் இரவல். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்க இரவல் வாங்கலாம். திருத்துவதற்கு ஒருவர் வாங்கினால், அவர் முடிக்கும் வரை வேறு யாருக்கும் இரவல் இல்லை. படிப்பு இரவல், திருத்த இரவல் என்றால் விதியே பெயரில் வந்துவிடும்.

---

இரவலுக்கு என் ஓட்டு. மூவ் பற்றி: நகர்த்தல் என்றால் எழுத்துகள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகின்றன என்று மாணவர் நினைப்பார். அப்படி நடப்பதில்லை. 64 பிட் கணினியில் ஒரு ஸ்ட்ரிங் மாறியில் இருப்பவை முகவரி, நீளம், கொள்ளளவு, ஆக 24 பைட்டுகள். மூவில் நகல் ஆவது அந்த 24 மட்டும். குவியல் நினைவகத்தில் (ஹீப்) உள்ள எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பழைய பெயர் செல்லாமல் போகிறது. மாறுவது உடைமை. அதனால் கைமாற்றல்.

---

கைமாற்றல் கூடவே கூடாது. எங்கள் பக்கம் கைமாத்து என்றால் அவசரத்துக்கு வட்டியில்லாமல் வாங்கும் சின்னக் கடன். மூவைச் சொல்லப் போய் பாரோவைச் சொன்னதாகிவிடும். ஒப்படைத்தல் என்று வையுங்கள். சாவியை ஒப்படைத்தவர் மறுபடி கதவைத் திறக்க முடியாது.

அப்புறம், எல்லாரும் உடையவர் என்கிறீர்களே, மாறி அஃறிணை அல்லவா? உடையது என்றுதானே வரும்? உடையவர் என்றால் எனக்கு இராமாநுசர்தான் நினைவுக்கு வருகிறார்.

---

சரம் பகுதியையும் பாருங்கள், அங்கேதான் பெரிய குழி இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ரஸ்டிடம் கேட்டால் 15 என்று சொல்லும். அது யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) பைட்டுக் கணக்கு. சார்களாக (char, யுனிகோடு தனித்தனி எண் தரும் குறிகள்) எண்ணினால் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் எண்ணினால் 3. முதல் ஆறு பைட்டுகளை ஸ்லைஸ் எடுத்தால் 'தம' வரும், 'மி'யின் இகரக் குறி போய்விடும். பிழை என்றுகூட ரஸ்ட் சொல்லாது, அதன் கணக்கில் அது சரியான வெட்டு. முதல் ஒரு பைட்டை மட்டும் கேட்டால் நிரல் ஓடும்போதே நின்றுவிடும், ஏனென்றால் 'த'வுக்கே மூன்று பைட்டு.

ஆகவே சார் என்பதற்குப் பாடத்தில் தயவுசெய்து எழுத்து என்று போடாதீர்கள். உயிர்மெய்யை ஓரெழுத்து என்று படித்த பிள்ளை 'மி' எப்படி இரண்டு என்று கேட்கும், அதன் கேள்வி நியாயம். குறி என்று வைக்கலாம். எழுத்து என்பதை நாம் எண்ணும் மூன்றுக்கே விட்டுவைப்போம். அதை எண்ண ரஸ்டில் தனி நூலகம் சேர்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

துண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்லைஸில் எதுவும் வெட்டப்படுவதில்லை, முகவரியும் நீளமும் மட்டும் உண்டு. சரப்பார்வை?

---

எல்லாருக்கும் நன்றி. நாளை கொடுத்தாக வேண்டும் என்பதால் இப்படிப் போடுகிறேன்: உடைமை, இரவல், ஒப்படைத்தல், குறி. ஸ்லைஸுக்குச் சரத்துண்டு என்றே விட்டு, வெட்டுவதில்லை என்று கீழே ஒரு வரி சேர்க்கிறேன். உடையவர், உடையது இரண்டையும் விட்டு 'உடைய மாறி' என்று எழுதுகிறேன். லைஃப்டைமுக்கு, அதாவது ஓர் இரவல் செல்லுபடியாகும் காலத்துக்கு, வாழ்நாள் என்று வைக்கிறேன்.

---

போடுங்கள் தம்பி. ஆனால் இரவல் என்பது 'இர' என்ற வேரில் பிறந்தது. இரவச்சம் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார் வள்ளுவர். பிள்ளைகள் முதல் நாளே ஒரு மாறியை இரக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்பில் இதை மறுபடி எடுப்போம், கிழமையையும் சேர்த்து.