ஃப்ளைட் சிம்ல திருச்சி ஏர்போர்ட் சீனரி ரெண்டு போட்டேன், விமானம் ஊர்ந்து போற டாக்ஸிவேல மரம் நிக்குது, நோஸ் வீல் (முன்சக்கரம்) பள்ளத்துல இறங்குது. எதை வச்சுக்கலாம்?

காவேரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 தான் ஓட்டுறேன், 2024-க்கு இன்னும் மாறல. ஐ5 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. விமானம் ஃப்ளைபைவயர்ங்கற குழு செஞ்ச இலவச ஏர்பஸ் ஏ320.

எங்க ஊர் திருச்சி. அப்பா 19 வருஷம் ஷார்ஜால வேலை பார்த்துட்டு 2019-ல ஊரோட வந்துட்டார். சாயங்காலம் நான் சிம் போட்டா பக்கத்துல சேரை இழுத்துப் போட்டு உக்காந்துடுவார், போன வாரம் "ஷார்ஜால ஏத்தி நம்ம ஊர்ல இறக்கு பாப்போம்"னு கேட்டார், சரின்னு ராத்திரி முழுக்க ஓட்டி விடியற நேரத்துல இறக்கினேன். ரன்வே 09/27 சரியான இடத்துல இருக்கு, ஆனா டெர்மினல் இருக்க வேண்டிய இடத்துல ஏதோ குடோன் மாதிரி ஒரு கட்டிடம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துட்டு "இது நம்ம ஊரே இல்லப்பா"ன்னுட்டு எழுந்து போயிட்டார். எனக்கு மனசே கேக்கல.

அதனால இலவசமா கிடைக்கிற சீனரி, அதாவது ஏர்போர்ட்டை நிஜம் மாதிரி காட்டற ஆட்-ஆன், ரெண்டு இறக்கினேன். ஒண்ணுல பழைய டெர்மினல் மட்டும் இருக்கு, இன்னொண்ணு 2024-ல திறந்த புது டெர்மினலோட இருக்கு. ரெண்டையும் ஆட்-ஆன் போடற கம்யூனிட்டி போல்டர்ல போட்டுட்டேன், ஒண்ணுல இல்லாதது இன்னொண்ணுல வரும்னு நினைச்சேன். இப்ப பழைய டெர்மினல் சுவத்துக்குள்ள சிம்மோட குடோனும் பாதி தெரியுது, டாக்ஸிவே ஓரத்துல மரம் நிக்குது, விமானம் நிறுத்தற ஏப்ரன்ல திரும்புற இடத்துல தரை திடீர்னு அரையடி கீழ இறங்குது, நோஸ் வீல் உள்ள போய் விமானம் ஒரு குலுக்கு குலுக்குது. தரைக்கு வந்தா படம் திக்கித் திக்கி ஓடற ஸ்டட்டர் வேற. எதை வச்சுக்கறது, இல்ல காசு குடுத்து வாங்கணுமா? என் கார்டு 8 ஜிபி, தாங்குமா?

---

ரன்வே27:

ப்ரோ முதல்ல ரெண்டையும் வெளிய எடுங்க. ஒரே ஏர்போர்ட்டுக்கு, அதாவது திருச்சியோட விஓடிஆர்ங்கற ஒரே ஏர்போர்ட் கோடுக்கு ரெண்டு சீனரி இருந்தா சிம் ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை எடுக்காது, ரெண்டையும் ஏத்தும். நீங்க சொல்ற எல்லாமே அதோட அறிகுறிதான்.

இன்னொண்ணும் பாருங்க, ஜிப்பை பிரிக்கும்போது போல்டருக்குள்ள போல்டர் ஆயிடும். கம்யூனிட்டி போல்டருக்குள்ள சீனரி போல்டர், அதைத் திறந்த உடனே மேனிஃபெஸ்ட் ஃபைலும் லேஅவுட் ஃபைலும் கண்ணுல படணும், நடுவுல இன்னொரு போல்டர் இருந்தா சிம்முக்கு அந்த சீனரி இருக்கறதே தெரியாது. கம்யூனிட்டி போல்டர் எங்க இருக்குன்னு குழப்பம்னா சிம்மோட செட்டிங்ஸ் இருக்கற யூசர்சிஎஃப்ஜி ஃபைலை நோட்பேட்ல திறங்க, கடைசி வரியில பாதை இருக்கும். ஸ்டீம்ல வாங்கினதுக்கும் ஸ்டோர்ல வாங்கினதுக்கும் இடம் வேற வேற, அதனால யூடியூப்ல சொல்ற பாதையை அப்படியே நம்பாதீங்க.

---

பழைய சிம்மர்:

தம்பி, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். நான் மைக்ரோசாஃப்டோட பழைய சிம் எஃப்எஸ்2004 காலத்துல இருந்து சீனரி போடுறவன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

ஏர்போர்ட் சீனரின்னா டெர்மினல் கட்டிடம்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா அதுக்குள்ள நாலஞ்சு வேலை தனித்தனியா இருக்கு. ரன்வே, டாக்ஸிவே, விமானம் நிறுத்தற ஸ்டாண்ட் எல்லாம் எங்க இருக்குங்கற கணக்கு ஒண்ணு, தரையை எந்த உயரத்துக்கு இழுக்கணும்ங்கற பாலிகன் (எல்லை போட்டு வரையற வடிவம்) ஒண்ணு, எந்த எல்லைக்குள்ள மரமும் தானா முளைக்கற கட்டிடமும் வரக்கூடாதுன்னு சொல்ற பாலிகன் ஒண்ணு, அப்புறம் தரைமேல ஒட்டற படம், கோடு, எண்ணெய்க் கறை, இதெல்லாம் முடிஞ்சு கடைசியாத்தான் கட்டிடம். உங்க கதையில அரையடிப் பள்ளம் எதுக்கு வருதுன்னா, ரெண்டு பேரும் தரையை ஆளுக்கொரு உயரத்துக்கு இழுத்திருக்காங்க, ஒருத்தரோட எல்லை முடியற கோட்டுலதான் உங்க நோஸ் வீல் இறங்குது. மரமும் அதே மாதிரிதான், ஒருத்தரோட டாக்ஸிவே இன்னொருத்தர் மரம் வேண்டாம்னு போட்ட எல்லைக்கு வெளிய போயிருக்கும்.

அதுக்கு அடுத்து வந்த எஃப்எஸ்எக்ஸ் காலத்துல இந்தத் தலைவலி வேற விதமா இருந்துச்சு, ஏர்போர்ட் மொத்தமும் ஒரே உயரம், மேசை மாதிரி தட்டை. நேபாளத்துல லுக்லா இருக்கே, 527 மீட்டர்தான் ரன்வே, அதுவும் 11.7 சதவீதம் ஏத்தம், அதைக்கூட தட்டையாத்தான் காட்டும், ஆட்-ஆன் செஞ்சவங்க கண்ணுக்குத் தெரியாத சாய்வான தளத்தை மேல வச்சு சமாளிச்சாங்க. இப்ப 2020-ல லுக்லா கையால செஞ்ச ஏர்போர்ட்டா சிம்மோடயே வருது, சாய்வு உண்மையான சாய்வு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். எது நல்ல சீனரின்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்த வருஷத்துத் திருச்சி வேணும்னு முடிவு பண்ணுங்க. ஒவ்வொரு சீனரிக்கும் ஒரு வருஷம் இருக்கு, யாரும் அதை அட்டையில போடறதில்ல. திருச்சியில புது டெர்மினல் 2024 ஜனவரி 2-ல திறப்பு விழா ஆச்சு, ஜூன் 11-ல இருந்துதான் பயணிகள் போறாங்க. உங்க அப்பா 2019-ல வந்துட்டார்னு எழுதியிருக்கீங்க, அப்ப அவர் புது டெர்மினல்ல கால் வச்சதே இருக்காது. அதைப் போட்டு எவ்வளவு அழகா இறக்கினாலும் அவர் திரும்பவும் "இது நம்ம ஊர் இல்ல"ன்னுதான் சொல்வார். ஹாங்காங் கை டாக் ஏர்போர்ட்டை 1998 ஜூலையிலேயே மூடிட்டாங்க, இன்னைக்கும் எத்தனை பேர் சிம்ல அதைப் போட்டுக்கிட்டு கட்டம் கட்டமா பெயிண்ட் அடிச்ச அந்த செக்கர்போர்டு மலையைப் பார்த்து ரன்வே 13-க்கு திரும்புறாங்க, அவங்களுக்கு வேணும்ங்கறது அந்த வருஷத்து ஹாங்காங். அது மாதிரிதான்.

வருஷத்தை முடிவு பண்ணினா தரைப்படமும் அதே வருஷமா இருக்கணும். சிம் காட்டற சேட்டிலைட் படம் எந்த வருஷத்ததுன்னு உங்க கையில இல்ல. புது டெர்மினல் சீனரியில நல்ல ஆர்ட்டிஸ்ட்னா அந்தப் படத்துக்கு மேல தன்னோட கான்கிரீட்டை முழுசா விரிச்சிருப்பார், அவசரமா செஞ்சவர் கட்டிடத்தை மட்டும் நட்டுட்டுப் போயிருப்பார், கீழ பழைய படமே தெரியும். அதனால கட்டிடத்தோட ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து இறக்காதீங்க, ஸ்டாண்ட்ல நின்னு காக்பிட்ல இருந்து எடுத்த படம் போட்டிருக்காங்களான்னு பாருங்க. நாம உக்கார்ற இடத்துல இருந்து அதிக நேரம் தெரியறது தரைதான்.

---

வைகை_எக்ஸ்பி:

நான் மதுரை, ஓட்டறது எக்ஸ்-ப்ளேன் 12-ங்கற வேற சிம். எங்க பக்கம் இந்தச் சண்டை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல முடிஞ்சிடும், சீனரி பேக்ஸ் ஃபைல்ல எது மேல இருக்கோ அதுதான் ஜெயிக்கும். ஏர்போர்ட் மேல, லைப்ரரி நடுவுல, ஆர்த்தோங்கற தரைப்படம் அதுக்குக் கீழ, மேடு பள்ளத்தைக் காட்டற மெஷ் கடைசி. அதை மாத்தி வச்சா ஏர்போர்ட்டே காணாமப் போயிடும், அது வேற கதை.

நான் சொல்ல வந்தது வேற. எக்ஸ்-ப்ளேன்ல வேர்ல்ட் எடிட்டர்னு இலவச டூல் இருக்கு, அதுல நீங்களே ஏர்போர்ட் வரைஞ்சு சிம் செஞ்சவங்களோட சீனரி கேட்வே தளத்துக்கு அனுப்பலாம், அவங்க சரிபார்த்து அடுத்தடுத்த அப்டேட்ல எல்லாருக்கும் சேர்த்துடுவாங்க. சிம்மோட லைப்ரரியில இருக்கற பொருளை மட்டும்தான் வைக்கலாம், சொந்தமா மாடல் செஞ்சு வைக்க முடியாது, அதனால டெர்மினல் அச்சு அசலா வராது, லெகோ கட்டை அடுக்கற மாதிரி ஒப்பேத்தணும். ஆனா ஸ்டாண்ட் நம்பர், டாக்ஸிவே பேரு, கோடு எல்லாம் கரெக்டா போட முடியும். அதுக்கு ஏஏஐ (இந்திய விமான நிலைய ஆணையம்) வெளியிடற ஈ-ஏஐபிங்கற தகவல் தொகுப்பு போதும், அதுல இருக்கற ஏரோட்ரோம் சார்ட், அதாவது ஏர்போர்ட் வரைபடம், யார் வேணா பார்க்கலாம்.

நீங்க எந்த சீனரி வச்சுக்கிட்டாலும் அந்த சார்ட்டோட ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க. ஸ்டாண்ட்ல நிறுத்திட்டு விமானத்தோட கோஆர்டினேட் என்ன காட்டுது, சார்ட்ல அந்த ஸ்டாண்டுக்கு என்ன போட்டிருக்கு. நான் ஒரு சீனரியில பார்த்தப்ப ரெண்டு ஸ்டாண்டோட நம்பரையே மாத்திப் போட்டிருந்தாங்க.

---

டேக்ஆஃப்_ஃப்ளாப்ஸ்:

காசு குடுத்து வாங்கறது பத்தி கேட்டிருக்கீங்க. நான் ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பெரிய வட இந்திய ஏர்போர்ட் சீனரி வாங்கினேன், யார் செஞ்சதுன்னு வேண்டாம். செக்-இன் கவுண்டர், நாற்காலி, குப்பைத்தொட்டி வரைக்கும் உள்ள மாடல் பண்ணியிருந்தாங்க, வெளிய இருந்து பார்த்தா கண்ணாடிக்குள்ள மங்கலாத் தெரியும், அவ்வளவுதான். அதுக்காக என் 8 ஜிபி கார்டு ரன்வேக்கு முன்னாடி கடைசி இறக்கமான ஷார்ட் ஃபைனல்ல திணறிடுச்சு, 200 அடியில ஒரு செகண்ட் படம் அப்படியே நின்னு, மூக்கைத் தூக்கி ஃப்ளேர் பண்ண வேண்டிய நேரம் போய், தடால்னு விழுந்துச்சு. மூணு மணி நேரம் ஓட்டிட்டு வந்து கடைசி ஒரு செகண்ட்ல அப்படி ஆனா எவ்வளவு வலிக்கும்னு ஓட்டறவங்களுக்குத்தான் தெரியும்.

8 ஜிபிக்கு திருச்சி மாதிரி சின்ன ஏர்போர்ட் தாராளமா தாங்கும், டெக்ஸ்சரை அல்ட்ராவுல இருந்து ஹை-க்கு ஒரு படி இறக்குங்க, தூரத்துத் தரையை எவ்வளவு நுணுக்கமா காட்டணும்ங்கற டெரெய்ன் எல்ஓடியை 100-ல வைங்க. உங்க ஸ்டட்டர் பாதி ரெண்டு சீனரி ஒண்ணா ஏறினதாலயும் இருக்கலாம். சிம் இறக்கிச் சேமிச்சு வைக்கற ரோலிங் கேஷை ஒரு தடவை அழிச்சுட்டு பாருங்க. அப்புறம் ஆட்-ஆன்ஸ் லிங்கர்னு ஒரு டூல் இருக்கு, சீனரியெல்லாம் வேற டிரைவ்ல கிடக்கும், வேணுங்கறதை மட்டும் டிக் பண்ணினா கம்யூனிட்டி போல்டருக்கு லிங்க் போட்டுக் குடுக்கும். பழைய திருச்சிக்கு ஒரு டிக், புதுசுக்கு ஒரு டிக்னு மாத்தி மாத்தி வச்சுக்கலாம், எதையும் அழிக்க வேண்டியதில்ல.

---

காவேரிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு நாள் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும்.

ரன்வே27 சொன்ன மாதிரி கம்யூனிட்டி போல்டரையே காலி பண்ணிட்டு பழைய டெர்மினல் சீனரியை மட்டும் போட்டேன். பள்ளம் போச்சு, மரம் போச்சு. குடோன் மட்டும் சுவத்துக்குள்ள இன்னும் நின்னுச்சு, அது எப்படின்னு புரியல.

---

பழைய சிம்மர்:

அந்தக் குடோன் சிம் தானா முளைக்க வைக்கறது தம்பி. சீனரி செஞ்சவர் கட்டிடத்தைத் தடுக்கற பாலிகனை சின்னதா போட்டிருப்பார். டெவலப்பர் மோடை ஆன் பண்ணி நீங்களே ஒரு பாலிகன் வரைஞ்சு, கட்டிடம் வேண்டாம்னு டிக் போட்டு தனி பேக்கேஜா வச்சுக்கங்க, முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். அவரோட ஃபைல்ல கை வைக்காதீங்க, அவர் அப்டேட் விட்டா உங்க வேலை போயிடும். முடிஞ்சதும் அவருக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட்டோட எழுதிப் போடுங்க, இலவசமா செய்யறவங்களுக்கு யாராவது இப்படிப் பார்த்துச் சொன்னா அதுவே பெரிய விஷயம்.

---

காவேரிக்கரை:

போட்டுட்டேன் அண்ணா, ஒரு மணி நேரம் இல்ல, மூணு மணி நேரம் ஆச்சு, ஆனா குடோன் போயிடுச்சு. செஞ்சவருக்கும் எழுதிட்டேன்.

நேத்து சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு திரும்ப ஷார்ஜால இருந்து வந்தேன். கிழக்கால சுத்தி வந்து 27-க்கு இறக்கினேன், வலது பக்கம் தூரத்துல காவேரி தெரிஞ்சுது, மலைக்கோட்டை மட்டும் வெறும் மேடு மாதிரி இருந்துச்சு, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் இருக்க வேண்டிய இடத்துல மாடி வீடுங்க, அதுக்கு ஏதாவது தனி சீனரி இருந்தா சொல்லுங்க. ஸ்டாண்ட்ல நிறுத்தி இன்ஜின் அணைச்சதும் அப்பா டெர்மினலை ரொம்ப நேரம் பார்த்தார், இந்த வாசல்லதான் உங்க அம்மா நிப்பான்னார். அப்புறம் கேமராவைத் திருப்பச் சொல்லி இன்னும் அந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம்னு போய், கார்கோ கட்டிடத்துகிட்ட நிறுத்தச் சொன்னார். 2009-ல இந்த டெர்மினல் வர்றதுக்கு முன்னாடி அதுதான் டெர்மினல், பொட்டியோட முதல் தடவை உள்ள போனது அந்தக் கதவு வழியான்னு சொன்னார். எனக்கு அது தெரியவே தெரியாது.

அந்தக் கட்டிடம் இந்த சீனரியில வெறும் சாம்பல் டப்பாவா இருக்கு. 2009-க்கு முன்னாடி எடுத்த போட்டோ யார்கிட்டயாவது இருந்தா, வழியனுப்பப் போனப்ப வெளிய நின்னு எடுத்ததா இருந்தாலும் பரவால்ல, தயவுசெஞ்சு இங்க போடுங்க. கட்டிடத்தை மாடல் செய்யற ப்ளெண்டர் சாஃப்ட்வேர் கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன்.