டீப்ரீஃபிங்: ‘அசைபோடல்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

குழு விளையாட்டு முடிந்தபின் உட்கார்ந்து பேசும் ‘டீப்ரீஃபிங்’ என்பதற்கு, நம் பயிற்சிக் கையேட்டுக்காக இந்தக் குழுவில் வந்த ‘பின்னாய்வு’, ‘விவரம் கேட்டல்’ என்ற இரண்டு சொற்களையும் குடியாத்தம் பக்கத்தில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவிடம் சொல்லிப் பார்த்தேன். ‘பின்னாய்வு’ என்றதும் பரீட்சை வைக்கப்போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். ‘விவரம் கேட்டல்’ என்பதில் விசாரணை நெடி அடிக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் அதே பிறவிக்குணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பறந்து திரும்பிய விமானிகளை உட்காரவைத்து அதிகாரிகள் செய்தி கறந்ததிலிருந்து பரவிய சொல் அது. அங்கே கேட்பவருக்குச் செய்தி வேண்டும். நம் பயிற்சியிலோ ஆடியவர்களுக்கே வேண்டும்.

அன்று ஆடியது மார்ஷ்மெல்லோ கோபுரம். 20 ஸ்பாகெட்டி குச்சி (வேகவைக்காத நீள நூடுல்ஸ்), ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், 18 நிமிடம். இவற்றால் கட்டும் கோபுரத்தின் உச்சியில் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு மிட்டாய்த் துண்டு நிற்க வேண்டும். நாங்கள் ஸ்பாகெட்டிக்கும் மார்ஷ்மெல்லோவுக்கும் பதிலாகத் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியும் ஒரு நெல்லிக்காயும் கொடுத்தோம். ஓர் அணி 17 நிமிடம் அழகாகக் கட்டியது. கடைசி நிமிடத்தில் காயை ஏற்றினார்கள். குச்சிகள் வளைந்து, அத்தனையும் பாயில் சரிந்தது. காய் உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

தேநீர் வந்ததும் வட்டமாக உட்கார்ந்தோம். “என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டேன். அதுவரை வாய் திறக்காத ஓர் அம்மா, “காயை முதலிலேயே வைத்துப் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது” என்றார்.

“ஏன் சொல்லவில்லை?”

“கணக்கு எழுதுகிற பெண் இருக்கும்போது நான் என்னத்தைச் சொல்வது?”

கணக்கு எழுதும் பெண் டம்ளரைக் கீழே வைத்தாள். “நானும் உங்களைக் கேட்கவில்லையே அக்கா.”

அதன்பின் கோபுரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த கறவை மாட்டுக் கடன் யாருக்கு என்பதை இதுவரை யார் வாய் முடிவு செய்தது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் 18 நிமிடம், இந்தப் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல்.

அடுத்த ஆட்டம் முடிந்ததும், “கொஞ்சம் அசைபோடலாமா?” என்றேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

மாட்டுக்குரிய சொல்லை மனிதருக்கு வைக்கலாமா என்று இந்தக் குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். ‘அன்னம் ஆவே’ என்று தொடங்கும் நன்னூல் நூற்பா முதல்தரமான மாணாக்கருக்கு அன்னத்தோடு பசுவைத்தான் உவமை சொல்கிறது. வயிறார மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் இருந்து அசைபோடுவதுபோல், கேட்டதை மீண்டும் சிந்திப்பவர் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். இதைவிட மரியாதை வேறென்ன வேண்டும்?

‘அசைபோடுவது தனியாள் வேலை அல்லவா?’ என்று இதே குழுவில் ஓர் அக்கா கேட்ட கேள்வி மட்டும் என்னை இரண்டு நாள் நிறுத்திவைத்தது. அது நியாயம்தான். கோபுரம் ஆடிய அந்த அம்மா தனியாக அசைபோட்டிருந்தால் கோபுரம் விழுந்த காரணம் அவர் மனத்தோடே போயிருக்கும். ஆகவே தலைப்பில் ‘கூடி அசைபோடல்’ என்று முழுதாக எழுதி, உள்ளே அசைபோடல் என்று சுருக்கலாம். ‘அசைபோட்டோம்’, ‘அசைபோட வைத்தார்’, ‘அசைபோடும் நேரம்’ என்று வாக்கியத்தில் தடையின்றி ஓடுகிறது. யாப்பில் வரும் நேரசை, நிரையசையோடு இது குழம்ப வழியில்லை.

வியாழனுக்குள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். சனிக்கிழமை ஆம்பூரில் அடுத்த பயிற்சி. அதற்குள் கையேட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.