பனி உறையும் இடத்தில் கான்கிரீட் வாகனப் பாதைக்கு எந்தச் சீலர் பூசலாம்?

கேள்வி

வணக்கம். வாசலிலிருந்து தெரு வரை போட்ட எங்கள் கான்கிரீட் வாகனப் பாதைக்கு மூன்று வயதாகிறது. குளிர்காலத்தில் இரவில் உறைவதும் பகலில் உருகுவதும் இங்கே வாரத்தில் பல முறை நடக்கும். சென்ற குளிர்காலம் முடிந்தபோது, கார்ச் சக்கரங்களிலிருந்து உப்புக் கலந்த பனிச்சேறு சொட்டும் இடத்தில் மட்டும் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்து, காசளவு இடங்களில் ஜல்லி தெரியத் தொடங்கிவிட்டது. கடையில் பளபளப்பான அக்ரிலிக், சிலேன்–சிலாக்சேன் கலவை, சோடியம் சிலிக்கேட் ஆகிய மூன்றையும் காட்டி, மூன்றுமே கான்கிரீட் சீலர்தான், அதாவது கான்கிரீட்டைக் காக்கும் பூச்சுதான் என்கிறார்கள். பாதை போட்டவர் வேலை முடிந்ததும் ஏதோ ஒரு பூச்சு அடித்தார். அதன் பெயர் எனக்குத் தெரியாது. இப்போது பகலில் 12 டிகிரி செல்சியஸ், இரவில் 3 டிகிரி. எதை வாங்குவது, இந்தப் பருவத்திலேயே பூசிவிடலாமா?

பதில் 1

உங்கள் இடத்துக்குச் சிலேன்–சிலாக்சேன் வகையே பொருத்தம். அதற்கான காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் ஓரளவு வெற்றிடம் இருந்தால் அந்த விரிவு அடங்கிவிடும். துளைகள் நிறைய நீர் ஊறியிருக்கும் நிலையில் உறைந்தால், போக இடமில்லாத அழுத்தம் மேல்தோலைப் பெயர்த்துத் தள்ளுகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் துளைகள் மேலும் நிறைகின்றன. சக்கரத்தடியில் மட்டும் உரிந்திருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆகவே நமக்கு வேண்டியது, வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்து, உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக வெளியேற விடும் பொருள். சிலேனின் மூலக்கூறு மிகச் சிறியது. சில மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கி, துளைச் சுவர்களோடு வேதிவினையால் பிணைந்து, அவற்றை நீர் ஒட்டாதவையாக மாற்றுகிறது, ஆனால் துளைகளை அடைப்பதில்லை. சிலாக்சேன் சற்றுப் பெரியது, மேற்பரப்பை ஒட்டியே தங்கும். இரண்டும் சேர்ந்த கலவை பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும்; தரையின் நிறமும் அநேகமாக மாறாது. அக்ரிலிக்கோ மேலே படலமாக நிற்கிறது. அடியிலிருந்து ஏறும் ஈரம் அதன் கீழே சிக்கினால் படலம் வெளுத்து உரியும், சக்கரம் படும் இடத்தில் தேயும், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி அடிக்க வேண்டிவரும். ஈரத்தில் வழுக்கும் என்பதும் பனி விழும் இடத்தில் சிறிய குறையல்ல.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். நிறமேற்றிய அல்லது அச்சுப் பதித்த கான்கிரீட்டாக இருந்து, அந்த நிறத்தை எடுத்துக்காட்ட வேண்டுமானால் அக்ரிலிக்கை நியாயப்படுத்தலாம். சாதாரண சாம்பல் நிறப் பாதைக்கு அது தேவையில்லை.

சோடியம் சிலிக்கேட் பற்றித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் டப்பாவிலும் "ஊடுருவும் சீலர்" என்றே எழுதியிருப்பார்கள். அது கான்கிரீட்டில் மிஞ்சியுள்ள சுண்ணாம்புடன் வினைபுரிந்து தரையை இறுக்கும், தூசி எழுவதைக் குறைக்கும். கூரைக்குள் இருக்கும் தரைக்கு நல்லது. ஆனால் அது நீரை விலக்குவதில்லை, எனவே உப்புநீருக்கு அதை நம்ப வேண்டாம். டப்பாவின் முகப்பைப் பார்த்து வாங்காமல், தொழில்நுட்பக் குறிப்பில் சிலேன், சிலாக்சேன் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அந்த அளவு குறைந்த சரக்கில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான் அல்லது தண்ணீர்தான்.

இன்னொன்று: உறைபனிக்கு உண்மையான முதல் காப்பு, கலவை போடும்போதே அதில் ஏறத்தாழ 6 சதவீத அளவுக்கு நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் சேர்ப்பது. உறையும் நீருக்கு அவை ஒதுங்கிடம் தருகின்றன. அது இல்லாத கான்கிரீட்டுக்குச் சீலர் ஆயுளைக் கூட்டுமே தவிர, முழுதாகக் காக்காது. தண்ணீர் தேங்கும்படி வாட்டம் தவறியிருந்தாலும் அப்படியே.

பதில் 3

எதையும் வாங்குவதற்கு முன் பழைய பூச்சைச் சோதியுங்கள். ஏற்கெனவே படலம் இருந்தால் சிலேன் உள்ளே இறங்காது, பணம் வீண். பல இடங்களில் சில துளி நீர் விடுங்கள். சில நிமிடங்களில் தரை கறுத்து நீரை உறிஞ்சினால் வழி திறந்திருக்கிறது. நீர் முத்தாக நின்றால், ஒதுக்குப்புறத்தில் சைலீன் என்ற பெயின்ட் கரைப்பானைத் தொட்ட துணியை வைத்துப் பாருங்கள். அக்ரிலிக்காக இருந்தால் இளகிப் பிசுபிசுக்கும். கையுறை அணியுங்கள், அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்று சோதித்தேன். சக்கரத் தடத்தில் நீர் உடனே இறங்கியது. சுவரோரம் முத்தாக நின்றது, துணி வைத்ததும் பிசுபிசுத்தது. படலம் ஓரங்களில் இன்னும் இருக்கிறது என்று புரிகிறது.

பதில் 3

அப்படியானால் இந்த ஆண்டு பூச வேண்டாம் என்பதே என் கருத்து. படலத்தை நீக்கிக் கழுவிய பிறகு தரை ஓரிரு நாளாவது நன்றாக உலர வேண்டும். பெரும்பாலான சரக்குகள் தரையும் காற்றும் 5 டிகிரிக்கு மேல் இருக்கும்படி கேட்கின்றன, உங்கள் இரவுகளோ அதற்குக் கீழே போய்விட்டன. வசந்தம் முற்றியதும் படலத்தை நீக்கி, உரிந்த இடங்களைப் பாலிமர் கலந்த பழுதுக் கலவையால் நிரப்பி, அது இறுகியபின், குட்டையாகத் தேங்காமல் சீராகத் தெளியுங்கள். சன்னல் கண்ணாடியையும் செடிகளையும் மூடிவைத்துவிடுங்கள்.

அதுவரை பனியை உறைவதற்கு முன்பே வாரித் தள்ளி, வழுக்கலுக்கு மணல் தூவுங்கள். அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் கலந்த பனி உருக்கிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அவை கான்கிரீட்டையே வேதிவினையால் அரிக்கின்றன. காரிலிருந்து விழும் பனிச்சேற்றை அன்றன்றே தள்ளிவிட்டால், உரிந்த இடம் வசந்தத்துக்குள் பெரிதாகாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.